நாட்டாரிசை விழா யாருக்காக? முந்தற் கரையை முன்வைத்து ஒரு வினா

நாட்டார் பாடல் அழிந்து வருகின்றது. ஆகவே அதற்கொரு விழா எடுத்தல் வேண்டும். விழா ஆண்டுதோறும் நடைபெற்றால் பாடல் பிழைத்துக்கொள்ளும். இம்மூன்று கூற்றுகளும் இன்று கற்றோரிடையே ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மைகளாக வழங்கி வருகின்றன. அமைச்சரின் உரையிலும், அரசசார்பற்ற நிறுவனத்தின் அறிக்கையிலும், பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் இவை ஏறத்தாழ ஒரே சொற்களில் ஒலிப்பதைக் கேட்கலாம். இவற்றுள் முதலாவது கூற்றுப் பெரிதும் உண்மை. ஏனைய இரண்டும் ஆராயப்படாமலே ஏற்கப்பட்டவை. அவற்றை ஆராய்வதற்குக் கருத்தரங்க மண்டபத்தைக் காட்டிலும் தகுந்த இடமொன்று உண்டு. சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் வீதியிலுள்ள முந்தலும், அதன் மேற்கே களப்புக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த உடப்பு, ஆண்டிமுனை முதலிய ஊர்களுமே அவ்விடமாகும்.

இக்கரையின் வரலாற்றை அறியாது அதன் பாடலைப் பற்றிப் பேசுதல் பயனற்றது. நீர்கொழும்பு முதல் கற்பிட்டி வரையான கரையோரம் ஒரு காலத்திற் பெரிதும் தமிழ் வழங்கிய கரையோரம். இலங்கை பற்றிய விரிவான விவரணத் தொகுதியை 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்த ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலை 1859 இலும் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) கற்பிட்டி தந்த அறிஞர். அவர் வாழ்ந்த கரையில் அவருக்குப் பின் நிகழ்ந்தது யாது? இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலைகளின் போதனாமொழி மாறிற்று. சிலாபத்துக்குத் தெற்கே வாழ்ந்த மீனவக் கத்தோலிக்கரின் வீட்டுமொழியும் தலைமுறைக்குத் தலைமுறை மாறலாயிற்று. எவரும் ஆயுதம் ஏந்திவந்து அம்மொழியைப் பறிக்கவில்லை. வகுப்பறைக் கரும்பலகையே அதற்குப் போதுமாயிருந்தது. இதனைச் சிங்கள மொழிமீது சுமத்தும் குற்றமாக எவரும் கொள்ளவேண்டியதில்லை. அயலாரின் மொழியைக் கற்றல் எக்காலத்தும் நன்றே. அதனைக் கற்பதற்குத் தாய்மொழியை விலையாகக் கொடுக்க நேர்ந்தமையே இழப்பு.

அவ்விழப்பினின்றும் தப்பி நின்றவற்றுள் உடப்பும் முந்தலும் குறிப்பிடத்தக்கன. இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் தாம் என்பது உடப்பு மக்களின் மரபுவழி நம்பிக்கை. அவர்கள் தமிழராகத் தொடர்ந்து நின்றமைக்குக் கோயிலும், கடற்றொழிலும், தமிழ்ப் பாடசாலையும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையே காரணமெனக் கொள்ளலாம். இம்மூன்றையும் ஒரு கயிறாக முறுக்கியது பாட்டு. ஆகவே இங்கு பாட்டின் கதி என்னவாகும் என்ற வினா, பொழுதுபோக்குப் பற்றிய வினாவன்று. தெற்கே நடந்தது வடக்கேயும் நடக்குமா என்ற வினாவே அது.

முதலிற் கடற்றொழிலின் பாட்டை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கரைவலை தனியொருவர் இழுக்கும் வலையன்று. தோணி வலையைக் கடலில் வளைத்து விட்டுவர, அதன் இருபுறக் கயிறுகளையும் கரையில் இரு வரிசையாக நின்று பலர் இழுத்தல் வேண்டும். அத்தனை கைகளும் ஒரே கணத்தில் இழுத்தாலன்றி வலை அசையாது. அந்த ஒரே கணத்தை உண்டாக்குவதே அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் அதனை ஏற்று இழுப்பர். வலை தொலைவில் உள்ளபோது நடை நிதானமாக இருக்கும். மடி கரையை அணுக அணுகத் துரிதம் கூடும். அடியெடுப்பவர் தெய்வத்தைப் பாடுவார்; காதலைப் பாடுவார்; சம்மாட்டியின் கஞ்சத்தனத்தை, அவர் காதில் விழுமாறே, நையாண்டி செய்தும் பாடுவார். சம்மாட்டி அதனைப் பொறுத்துக்கொண்டே ஆகவேண்டும், ஏனெனில் அப்பாட்டு நின்றால் அவரது வலையும் நின்றுவிடும். உழைப்பவனுக்குக் கிடைத்த இந்தப் பேச்சுரிமையை எந்தத் தொழிற்சட்டமும் வழங்கியதில்லை.

மேற்குக் கரையிற் சோளகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளித்துக் கிடக்கும். ஏறத்தாழ வைகாசி முதல் புரட்டாதி வரை கரைவலைக்கு ஓய்வு. ஐப்பசியளவில் தொடங்கும் பருவம் சித்திரை வரை நீடிக்கும். இந்தக் காற்றுக் கணக்கை மனத்திற் கொண்டு இக்கரையின் விழாக்களை நோக்குக. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழா ஆடியை ஒட்டி வருவது. தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தின் பெருவிழாக்களுள் ஒன்று ஓகஸ்டில் வருவது. முன்னேசுவரத்தின் பெருவிழா ஆவணியை ஒட்டியது. சைவரானாலும் வைணவரானாலும் கத்தோலிக்கரானாலும், இக்கரையின் தெய்வங்கள் காற்றைக் கேட்டே நாட்குறித்துள்ளன போலும்! வலை ஓய்ந்திருக்கும் வேளையிலே குரல் ஓயாதிருக்க மக்கள் வகுத்த ஒழுங்கு அது.

உடப்புத் திரௌபதை விழாவைச் சமயச் சடங்கு என்று மட்டும் வகைப்படுத்திவிட்டு அப்பாற் செல்லுதல் ஆய்வாளர் வழக்கம். பூமிதிப்பைப் படம்பிடிக்க வருவோர் அந்த ஒரு மாலையோடு திரும்பிவிடுவர். ஆயின் தீக்குழியில் நடக்கும் சில நிமிடங்களுக்கு முன்னே பதினெட்டு நாள்கள் உண்டு என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பாரதப் போர் நடந்த நாள்களின் எண்ணிக்கையே அது. திரௌபதை வழிபாடு வேரூன்றிய இடங்களிலெல்லாம், அது தென்னார்க்காட்டுச் செஞ்சிப் பகுதியாயினும் கிழக்கிலங்கையின் பாண்டிருப்பாயினும், பாரதக்கதை வெறுங்கதையாக வாசிக்கப்படுவதில்லை; ஊரே அதனுட் புகுந்து நடமாடுகின்றது. கேட்போர் நாளை பாடுவோராவர். கும்மியடிக்கும் சிறுமிக்குப் பாட்டனைத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வட்டத்தினுள் நின்று முன்னே செல்பவளின் வாயைப் பார்த்தே அவள் கற்றுக்கொள்கிறாள். விரிவுரையின்றி, பாடநூலின்றி, சான்றிதழின்றி ஒரு மொழி ஒரு தலைமுறையினின்று மறு தலைமுறைக்குச் சென்று சேரும் இடம் இதுவே. ஆண்டுதோறும் நடக்கும் நாட்டாரிசை விழாவொன்று முந்தற் கரைக்கு வேண்டுமெனக் கூறுவோர், அது ஏற்கெனவே அங்கு இருப்பதைக் காணாதவர்கள்.

இனி, விழா என்ற பெயரைத் தாமே சூடிக்கொண்ட விழாக்களை நோக்கலாம். போர் முடிந்து இரண்டாண்டு செல்ல, 2011 மார்ச்சில் யாழ்ப்பாண இசைவிழா முதன்முறை நடைபெற்றது. சேவாலங்கா நிறுவனம் நோர்வேயின் உதவியோடு நடத்திய அவ்விழா, காலியில் நடைபெற்ற இசைவிழாவோடு மாறி மாறி வருமாறு திட்டமிடப்பட்டது. 2013 மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கு அது மீண்டும் வந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்து நாட்டார் கலைக்குழுக்கள் வந்தன. வெளிநாட்டுக் குழுக்களும் வந்தன. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில், 2007 பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் தொடங்கியது. தமிழ் மையமும் மாநில அரசின் துறைகளும் இணைந்து நடத்திய அவ்விழா பறையாட்டத்தையும் கரகத்தையும் தேவராட்டத்தையும் மாநகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. 2011 இல் ஆட்சி மாறியபின் அது நின்றுபோயிற்று. ஆட்சி மீண்டும் மாறியபின் 2023 சனவரியில் அரசின் கலை பண்பாட்டுத் துறை அதனைப் புதுப்பித்தது.

இவ்வரலாறுகளிற் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோர்வேயின் நிதி வரும்போது விழா வருகின்றது. ஆட்சி போகும்போது விழா போகின்றது. விழாவின் பிறப்பும் இறப்பும் பாடுவோர் கையில் இல்லை. உடப்பின் பதினெட்டு நாள்களைத் தொடக்கவோ நிறுத்தவோ கொழும்பில் எந்த அமைச்சரவைக்கும் அதிகாரமில்லை என்பதை இதனோடு ஒப்புநோக்குக. எது ‘வளர்ச்சி’ பெற்ற விழா என்ற தீர்ப்பை அதன்பின் வழங்கலாம்.

வளர்ச்சி என்ற சொல்லே இங்கு மயக்கம் தருவது. விழா அறிக்கைகள் வளர்ச்சியை எவ்வாறு அளக்கின்றன? குழுக்களின் தொகை, பார்வையாளரின் தொகை, மேடைகளின் தொகை, பங்குபற்றிய நாடுகளின் தொகை. இவற்றுள் எதுவும் பாட்டை அளப்பதில்லை. விழா முடிந்து ஓராண்டின் பின்னர் அந்த ஊரில் அப்பாட்டைப் பாடத் தெரிந்த சிறுவர் எத்தனை பேர் கூடினர் என்ற கணக்கே பாட்டை அளக்கும் கணக்கு. அதனை எடுத்தவர் யார்?

மேடையேறும் அம்பாவுக்கு நேர்வது யாது என்பதையும் கூறவேண்டும். கயிறு இருக்கும், வலை இராது. இழுப்பதுபோல அசைவர், எதிர்முனையிற் பாரம் இராது. பாரமில்லாத கயிற்றில் நடை துரிதப்படுவதற்குக் காரணம் இல்லை. ஆகவே நிகழ்ச்சி நெறியாளர் கைகாட்டும்போது துரிதப்படுத்துவர். சம்மாட்டியை நையாண்டி செய்யும் அடிகள் ‘பொருத்தமற்றவை’ என நீக்கப்படும். கடலையும் நிலவையும் பாடும் அடிகள் எஞ்சும். பத்து நிமிடத்தில் அனைத்தும் முடிந்து, பொன்னாடையும் நினைவுக் கேடயமும் வழங்கப்படும். பாட்டிலிருந்து உழைப்பைக் கழித்து, எதிர்ப்பைக் கழித்து, காலத்தைக் கழித்து, மிஞ்சிய மெட்டை மரபு என்று பெயரிட்டு அரங்கேற்றுவதற்குப் பாதுகாப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துதல் சொல்லுக்குச் செய்யும் அநீதி. ஒப்பாரியின் நிலை இதனினும் கொடிது. இறந்தவரின்றி அழுமாறு ஒரு மூதாட்டியை ஒலிவாங்கியின் முன் நிறுத்துவோர் தாம் கேட்பது யாதென ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதில்லை.

காலக்கணக்கையும் மறத்தலாகாது. யாழ்ப்பாண விழா மார்ச்சில். சென்னை விழா சனவரியில். உல்லாசப் பயணிகளுக்கும் நகரத்தாருக்கும் வாய்ப்பான மாதங்கள் இவை. முந்தற் கரையிலோ இவை கரைவலைப் பருவத்தின் நடுப்பகுதி. கரைவலையில் உழைப்பவருக்கு மாதச் சம்பளம் இல்லை. அன்று விழுந்த மீனிற் பங்கே அன்றைய வருமானம். மூன்று நாள் மேடைக்காகக் கரையை விட்டுச் செல்பவர் மூன்று நாட் பங்கை இழக்கின்றார். அவருக்கு வழங்கப்படும் போக்குவரத்துப் படி அந்தப் பங்குக்கு ஈடாகுமா என்ற கேள்வி விழாக்குழுவின் வரவுசெலவுப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அரசும் இவ்விடயத்தில் முன்மாதிரியாக விளங்கவில்லை. முதுமையிற் ‘கலாபூஷணம்’ அளித்துக் கௌரவிக்கும் வழக்கம் உண்டு. கலைஞர் இளைஞராக இருந்தபோது அவரிடம் எவரையேனும் கற்க அனுப்பும் வழக்கம் மட்டும் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழும். மேடை இல்லையேல் சிரம்பியடி மக்களின் மஞ்சாவை யார் அறிந்திருப்பர் என்பர். இம்மறுப்பு நேர்மையானது, நேர்மையாகவே விடையளிக்கப்பட வேண்டியது. புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில் வாழ்வோர், பிரித்தானியர் காலத்தில் இங்குப் படையிற் பணிபுரிந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். முரசோடு சிரட்டையும் கரண்டியும் போத்தலும் இசைக்கருவிகளாகும் அவர்களது மஞ்சாப் பாடல் இன்று நாடறிந்தது. மேடைகளே அதற்கு உதவின என்பதை மறுத்தல் நியாயமன்று. இளையோர் தம் மரபைப் பற்றி வெட்கமின்றித் தலைநிமிரவும் அம்மேடைகள் துணைசெய்தன. ஆயினும் இன்னுமொன்றையும் நோக்குதல் வேண்டும். அப்பாடல்களின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். அதனைப் பாடுவோர் வீட்டிலும் வீதியிலும் பேசுவது பெரிதும் சிங்களம். பாடல் மேடையிற் பிழைத்தது. மொழி அடுக்களையிற் பிழைக்கவில்லை. மொழி போனபின் பாடலில் ஒரு புதிய அடியைக் கட்டுவது எவ்வாறு? இருக்கும் அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடலாம். புதிய சம்மாட்டி ஒருவரை நையாண்டி செய்ய முடியாது. சிரம்பியடிக்கும் உடப்புக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமன்று. அடுத்த தலைமுறையில் உடப்பு எங்கு நிற்கும் என்பதை எண்ணுவோர் அந்த மேடையின் வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புதல் ஆகாது.

மறுபுறத்தே வேறொரு சாரார் உளர். நாட்டார் பாடலை அதன் மண்ணிலிருந்து ஒரு சாணும் அசைக்கலாகாது, மேடையே மாசு என்பர். இவர்களது தூய்மைவாதம் கேட்பதற்கு இனிது, செய்வதற்கு எளிது. ஏனெனில் ஒன்றுமே செய்யாதிருத்தலே அதன் செயல்திட்டம். வரலாறு இவர்களை ஆதரிக்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தபோது விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கினார், மேடைக்கேற்ப மாற்றினார். 1962 இல் ‘கர்ணன் போர்’ அவ்வாறே அரங்கேறியது. ‘இராவணேசன்’ பின்னர் வந்தது. அவர் செய்த மாற்றங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. நகரத்து மேல்நிலையாளரின் சுவைக்குக் கூத்து செப்பஞ்செய்யப்பட்டது என்ற விமரிசனத்தில் உண்மை இல்லாமலுமில்லை. ஆனால் அவர் செல்லையா அண்ணாவியாரை அழைத்துவந்து பட்டதாரி மாணவருக்கு ஆசானாக நிறுத்தினார். ஊர்களிலே போட்டிகள் வைத்தார். பிரதிகளையும் நாட்டார் பாடல்களையும் அச்சேற்றினார். கூத்தாடுவது இழிவன்று என்ற எண்ணம் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்குத் திரும்பிச் சென்றது. பின்னர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், வித்தியானந்தனின் வழியையே வினாவுக்குட்படுத்தி, ஆடும் ஊராரே தம் பிரதியைக் கூடிப் பேசித் திருத்தும் நிலைக்கு வந்தது. ஊரிலிருந்து வளாகத்துக்கும், வளாகத்திலிருந்து ஊருக்கும் நடந்த இப்பயணத்தை நாட்டாரிசை விழாக்காரர் எவரும் தம் முன்மாதிரியாகக் கொண்டதாகத் தெரியவில்லை.

வெளியுலகிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டாரிசை விழா 1959 இல் வணிக முயற்சியாகத் தொடங்கியது. 1963 இல் அது இலாப நோக்கற்ற நிறுவனமாக மாற்றப்பட்டது. புகழின் உச்சியில் நின்றவருக்கும் மலையடிவாரத்துப் பாட்டிக்கும் ஒரேயளவாக 50 டொலர் சம்பளமும் பயணச் செலவும் வழங்கப்பட்டன. எஞ்சிய பணம் பாடல் வாழும் ஊர்களிற் கள ஆய்வுக்கும் உள்ளூர் முயற்சிகளுக்கும் சென்றது. லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு பேசிய கேஜன் மக்களின் நிலை இங்கு குறிப்பிடற்பாலது. 1921 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு பாடசாலையினின்றும் அவர்களது மொழியை வெளியேற்றியது. வீட்டிற் பேசிய மொழியைப் பாடசாலை முற்றத்திற் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1964 இல் நியூபோர்ட் மேடையேறிய பிடில் கலைஞர் டூவி பால்ஃபா கைதட்டலோடு நின்றுவிடவில்லை. அக்கைதட்டலின் எதிரொலியைத் தன் ஊருக்குக் கொண்டுசெல்வேன் என்ற உறுதியோடு திரும்பிச் சென்றார். பத்தாண்டின் பின், 1974 மார்ச்சில், லாஃபயெற் நகரிலே கேஜன் இசைக்கென நடந்த நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 12,000 பேர் திரண்டனர். அது ஆண்டு விழாவாக வளர்ந்தது. அங்கே பாடியவரும் கேட்டவரும் ஒரே மக்கள். நடந்த இடமும் அவர்களது நிலம். கரும்பலகை பறித்ததைப் பாட்டு முற்றாக மீட்டுத் தந்துவிட்டது என்று கூறினால் அது மிகை. ஆனால் அம்மொழியைப் பற்றிய வெட்கத்தை அது போக்கிற்று. சிலாபத்துக் கரையிற் செய்யப்படாதது அதுவே.

அம்பாவின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை இன்னுமொரு கசப்பான உண்மை உண்டு. அதனை விழா மேடையிற் பேச எவரும் விரும்பார். அண்மைக் காலத்திற் கரையோரம் எங்கும் உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் கரைவலைக் கயிற்றை இழுக்கத் தொடங்கியுள்ளது. வின்ச் கடற்றரையையும் மீன்குஞ்சையும் அழிக்கின்றது, அதனைத் தடைசெய்க என்பர் ஒரு சாரார். இழுக்க ஆள் கிடைப்பதில்லை, வின்ச் இல்லையேல் தொழிலே இல்லை என்பர் மறு சாரார். இரு பக்கத்திலும் வயிற்றுப்பாடு உண்டு. எழுதுவோர் தூரத்தே இருந்து தீர்ப்புக் கூறல் எளிதன்று. முறுகிப்போன தோளோடு வீடு திரும்பும் ஒருவரிடம், பாட்டு அழியும், ஆகவே கையாலேயே இழு என்று கூறும் உரிமை எந்த நாட்டாரியல் அறிஞருக்கும் இல்லை. இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லை என்பது மட்டும் உறுதி. இரைச்சலிடும் எஞ்சினுக்கு எவரும் அடியெடுத்துக் கொடுப்பதில்லை. அம்பாவை வளர்த்த நிலைமை மாறும்போது, அதனை மூன்று நாள் விழா காப்பாற்றிவிடும் என நம்புவோர் மரத்தின் வேரை விட்டுப் பூவுக்கு நீர் ஊற்றுகின்றனர். கரையில் வாழ்வோரின் தொழில், கூலி, பிள்ளைகளின் கல்வி, ஊரைவிட்டு வெளிநாட்டுக்குப் புறப்படும் இளைஞரின் கதி ஆகியவற்றைப் பற்றிப் பேசத் துணியாத நாட்டாரியல், அம்மக்களைப் பற்றிப் பேசவில்லை. அவர்களது பழைய சட்டையைப் பற்றிப் பேசுகின்றது.

தொழில் இழந்த பாட்டுக்கு வேறு வாழ்வு இல்லையா? உண்டு. அதற்கான இடமும் அந்தப் பதினெட்டு நாள்களே. வலையினின்று விடுபட்ட அம்பா ஊர் கூடும் முற்றத்திற் பாடப்பட்டால் அதனைக் கேட்போர் அதன் ஒவ்வொரு சொல்லையும் அறிந்தவராயிருப்பர். எந்தச் சம்மாட்டி, எந்தப் பாடு, எந்த ஆண்டுப் புயல் என்ற விளக்கம் அவர்களுக்கு வேண்டியதில்லை. புதிய அடிகள் அங்கேதான் பிறக்க முடியும். வின்சைப் பற்றியும் ஒரு நையாண்டி பிறக்கலாம். ஆயின் அந்த முற்றமும் இன்று பாதுகாப்பான இடமாக இல்லை. கரையோரக் கோயில்கள் பலவற்றில் ஒலிபெருக்கி கூத்தையும் கும்மியையும் விழுங்கிவிட்டது. திருவிழாவின் பெருஞ்செலவு நகரத்து இசைக்குழுவுக்குப் போகின்றது. திரைப்பாடல் இரவை ஆள்கின்றது. ஊரார் தம் பணத்தைத் தாம் விரும்பியவாறு செலவிடுவர், அதற்குத் தடையில்லை. ஆனால் ஊர்ப் பாட்டுக்காரருக்கு வெற்றிலையும் இசைக்குழுவுக்கு முற்பணமும் வழங்கும் வழக்கம் இருக்கும்வரை, பிள்ளைகள் எதனைக் கற்க விரும்புவர் என்பதைக் கூறச் சோதிடர் தேவையில்லை.

இவற்றிற் பல்கலைக்கழகத்தின் பங்கு சிறிதன்று. தமிழ்ச் சிறப்புக் கலைப் பாடநெறியைப் பயிலும் மாணவர் சிலப்பதிகாரத்தின் கானல்வரியை வரிவரியாகக் கற்கின்றனர். ஆற்றுவரி, சார்த்துவரி, முகமில்வரி என வகை பிரிக்கின்றனர். புகாரின் கடற்கரையில் மீனவர் பாடிய வரிப்பாடல்களின் சாயலை இளங்கோ எடுத்தாண்டதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். இளங்கோவுக்குக் கிட்டிய அதே செல்வம் இன்றும் உயிரோடு கிடக்கும் கரையொன்று ஒரு பகற் பயணத் தூரத்தில் உண்டு என்பது அவர்களுக்கு எடுத்துரைக்கப்படுவதில்லை. நெய்தல் அவர்களுக்கு ஒரு திணை. பேருந்து சென்று நிற்கும் இடமன்று. மேற்கிலங்கையின் தமிழ் மீனவரிடையே சடங்கும் அதிகாரமும் இயங்குமாற்றை ஆராய்ந்து, 1991 இல் ஒரு பெருநூல் வெளியிட்டவர் மசகாசு தனாகா என்ற ஜப்பானிய மானிடவியலாளர். யப்பானிலிருந்து ஒருவர் வந்து அம்மக்களிடையே வாழ்ந்து எழுதினார். இங்குள்ள தமிழ்த்துறைகள் எத்தனை பேரை அனுப்பின?

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை நடத்தும் கலைவிழாவில் நாட்டார் நிகழ்ச்சி ஒன்று கட்டாயம் இடம்பெறுகின்றது. சரிகைச் சேலையுடுத்த மாணவியர் கும்மியடிப்பர்; வலையேந்திய மாணவர் ஏலேலோ பாடுவர்; பேராசிரியர் பாராட்டுவர். இதற்குச் செலவாகும் தொகையில் நான்கு மாணவர் ஆடி மாதத்தில் முந்தலில் இரு வாரம் தங்கலாம். பாடுவோரிடம் ஒலிப்பதிவு செய்யலாம். அப்பதிவுகளின் முதற்படி பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்லாமல் முந்தற் பிரதேசப் பாடசாலைகளின் நூலகங்களுக்கே செல்லவேண்டும். பாடியவருக்கு, விரிவுரையாளருக்கு மணித்தியாலத்துக்கு வழங்கும் அதே விகிதத்திற் கொடுப்பனவு வழங்கவேண்டும். ஏனெனில் அவர் அங்கே செய்வது விரிவுரையே. அந்த ஊர்ப் பிள்ளைகளே பதிவாளராகப் பழக்கப்படவேண்டும். 1990 இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்திலே தஞ்சமடைந்த முஸ்லிம் மக்கள் தம்மோடு கொண்டுவந்த மன்னார்ப் பாடல்களும், புத்தளம் முஸ்லிம்களின் களிகம்பும் அதே பதிவில் இடம்பெறவேண்டும். உடப்பை மட்டும் தனித்து நிறுத்தி இக்கரையைப் பேசுவது இன்னொரு பொய்யாகிவிடும்.

நகரத்து விழாவை நிறுத்திவிடுமாறு எவரும் கோரவில்லை. அது விரும்பினால் நடக்கட்டும். ஆடியில், உடப்பு மணலில், உள்ளூரார் தீர்மானிக்கும் நிகழ்ச்சி நிரலோடு நடக்கட்டும். கொழும்பிலிருந்து வருவோர் தரையிலமர்ந்து கேட்கட்டும். விளங்காத சொல்லுக்குப் பக்கத்திலிருக்கும் கிழவியிடம் பொருள் கேட்கட்டும். மார்ச்சு மாதத்துப் பங்கை எவரும் இழக்க வேண்டியதில்லை.

ஆடியிற் பல்கலைக்கழகத்தில் விடுமுறை வாய்ப்பதில்லை, பரீட்சைக் காலம் குறுக்கிடும் என்ற சாட்டுகள் கூறப்படலாம். கண்டியிலிருந்து குருநாகல் வழியாகச் சிலாபத்துக்கும், சிலாபத்திலிருந்து புத்தளம் வீதி வழியாக முந்தலுக்கும் சென்றடைய ஒரு பகல் போதும். வின்ச் வருமுன் கையால் வலை இழுத்தவர்களுள் இளையவரே இன்று நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றனர்.